வேற்று மொழியாளரோடு உரையாடும் நெறி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் தமிழ் நூல் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணிப்பது வழக்கம். யானும் என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் அப்பணியைச் செய்து வந்துள்ளேன். இவ்வாண்டு நூலாராய்ச்சியை விடுத்து, நம் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டிய பொருள் ஒன்றைப் பேச இசைவு தரவேண்டுமென்று வேண்டினேன். அவர்களும் அன்புடன் இசைந்தார்கள். அப்பொருளாவது, நம்மின் வேறான மொழியும் வழக்கமும் உடைய மக்களோடு நாம் எங்ஙனம் பேசிப் பழகுதல் வேண்டும் என்பது.

ஒரு குலத்தார் மட்டும் கூடியிருக்கும் மன்றத்தில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஈண்டுக் கூடியுள்ள நாம் மாமன், மைத்துனன், சிற்றப்பன், அத்தை என்று ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்துக்கொள்பவர்கள். ஒருவர் பாதி சொல்லும்போதே மற்றவர் மீதியை அறிந்துகொள்கின்றார். பெண் கேட்டுச் சென்றவிடத்தில் பெரியவர் "பார்க்கலாம்" என்று சொன்னால், அஃது இசைவா மறுப்பா என்பது அவர் குரலைக் கொண்டே நமக்கு விளங்கிவிடுகின்றது. இவ்வாறு எளிதிற் பேசிப் பழகியவர்கள் வெளியிற் சென்றால் இடர்ப்படுகின்றார்கள். என்னை? தம் வீட்டு வழக்கமே உலக வழக்கம் என்று அவர்கள் அறியாமலே நம்பியிருப்பதுதான்.

முன்னாளில் இக்குறையால் பெருந்தீங்கு விளையவில்லை. இற்றைநாளின் நிலை வேறு. சிங்கப்பூரிலோ துபாயிலோ ஜெர்மனியிலோ பிள்ளை ஒருவன் வேலை பார்க்காத வீடு நம்மில் அரிதாகி வருகின்றது. அவ்வாறே, நம்மவர் நடத்தும் ஆலைகளிலும் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, வங்காளம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இல்லாத இடமும் அரிது. நாம் பிறர் ஊருக்குச் செல்கின்றோம். பிறர் நம் ஊருக்கு வருகின்றார்கள். இரண்டிடத்தும் பேச்சுப் பிழையால் வேலை கெடுகின்றது; மனமும் கெடுகின்றது. பிறர் பிழையைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் யான் பணியாற்றும் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் தந்தை மேற்கு வங்காளத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்பவர். சிறுவன் தமிழ் எழுத்துக்களை அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தான். வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஒருநாள் அத்தந்தை பள்ளிக்கு வந்து, ஆலையிற் கேட்டுக் கற்ற தமிழில், "சார், பையன் வீட்டில் ரொம்ப சேஷ்டா பண்றான். ராத்திரி எல்லாம் சேஷ்டா" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். யான் அவர் முகத்தைப் பார்த்தேனல்லேன், சொல்லையே கேட்டேன். மகனுடைய குறும்பு பொறுக்கலாற்றாது தந்தை முறையிட வந்தார் என்று கொண்டேன். மறுநாள் வகுப்பில் அச்சிறுவனை எழுப்பி நிறுத்தி, "பகலில் ஊமையாய் இருக்கிறாய், இரவில் வீட்டில் சேஷ்டையா?" என்று கடிந்தேன். பிள்ளைகள் நகைத்தனர். அவன் தலை கவிழ்ந்து நின்றான். அடுத்த மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள், அவர்கள் ஊர்க்காரரும் இங்குப் பத்து ஆண்டுகளாய் வாழ்பவருமாகிய ஒருவர் என்னைக் கண்டு, "ஐயா, எங்கள் மொழியில் சேஷ்டா என்றால் முயற்சி. பையன் இரவெல்லாம் விழித்துத் தமிழ் எழுதிப் பழகுகிறான் என்று சொல்லத்தான் அவர் வந்தார்" என்றார். எனக்குத் தலை சுழன்றது. வடமொழியில் அச்சொல்லுக்குச் செயல், முயற்சி என்னும் பொருள்கள் உண்டென்பது யான் படித்ததே. பண்டிதப் பயிற்சி பெற்ற என் அறிவு, அது வேண்டிய நாளில் எனக்குத் துணை நிற்கவில்லை. அன்று மாலையே அவர்கள் குடியிருப்பிற்குச் சென்று தந்தையிடமும் மகனிடமும் என் பிழையைச் சொன்னேன். யான் அவனைக் கடிந்தது வகுப்பின் நடுவிலாதலின், மறுநாள் அதே வகுப்பில் அதே பிள்ளைகளின் முன்னர் மீண்டும் சொன்னேன். அவன் பின்பு பள்ளிக்கு ஒழுங்காக வந்தான். ஆயினும் அந்த மூன்று நாட்களை யான் அவனுக்குத் திருப்பித் தர இயலுமோ?

அன்று யான் கற்றது ஒன்று. அயலாருடைய பேச்சில் நமக்குத் தெரியாத சொல் பெருந்தீங்கு செய்வதில்லை. தெரியாதாகையால் பொருள் கேட்கின்றோம். தெரிந்ததென்று நாம் எண்ணும் சொல்லே தீங்கு செய்கின்றது. ஆண்டு நாம் கேட்பதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டுக்கள் நம் நாட்டு மொழிகளிலேயே பலவாம். 'அவசரம்' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்க்கு அது விரைவு. தெலுங்கர்க்கு அது தேவை. மலையாளத்தார்க்கும் இந்தி மொழியார்க்கும் அது வாய்ப்பு. தெலுங்கர் ஒருவர், "எனக்குப் பணம் அவசரம்" என்னும் கருத்தில் பேசினால், வேண்டும் என்பதே அவர் சொல்வது. இன்றே வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. 'சம்சாரம்' என்றால் நம்மில் மனைவி, இந்தியில் உலகம். 'உபந்நியாசம்' நமக்குக் கோயிலில் கேட்கும் சொற்பொழிவு; வடநாட்டார்க்கு நெடுங்கதை நூல். 'சிட்சை' என்பது இந்தியில் கல்வி, மலையாளத்தில் தண்டனை, நம் தமிழில் இரண்டும் உண்டு. மலையாளத்தார் ஒருவர் உங்கள் வீட்டு வாயிலில் நின்று வெள்ளம் கேட்டால், ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்; அவர் ஆற்றுப் பெருக்கைக் கேட்கவில்லை.

சொல்லைப் போன்றதே தலையசைப்பும். நாம் இசைவைக் காட்டத் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டுகின்றோம். மேனாட்டார் அதனை மறுப்பென்றோ ஐயமென்றோ கொள்கின்றனர். பல்கேரிய நாட்டில் தலையை மேலுங்கீழும் அசைத்தால் மறுப்பு. ஜப்பானியர் உரையாடலின் இடையே 'ஹை' என்று பலகாற் சொல்வர். அகராதியில் அதற்கு 'ஆம்' என்று பொருள் காணலாம். உரையாடலிலோ பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கின்றேன்' என்னும் அளவே அதன் கருத்து. அதனை உடன்பாடென்று கொண்டு ஏமாந்த வணிகர் பலர்.

நம் இளைஞரிடத்தும் இத்தகைய வழக்கம் ஒன்றுண்டு. பெரியோர் முன் "விளங்கவில்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவென்று அவர்களை வளர்த்திருக்கின்றோம். அப்பிள்ளை அயல்நாட்டிற்குச் சென்று, மேலதிகாரி சொன்னது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் "சரி" என்று தலையாட்டி வருகின்றான். தெரியாத மொழியில் எழுதிய தாளிலும் அவ்வாறே கையெழுத்திடுகின்றான். கையெழுத்து என்றவுடன், இப்பொருளில் உலக வரலாறு நமக்கு வைத்திருக்கும் பெரும் பாடம் ஒன்று நினைவிற்கு வருகின்றது. அதனைச் சற்று விரித்துக் கூற அனுமதி வேண்டுகின்றேன்.

தென் பசிபிக் கடலில் நியூஸிலாந்து என்னும் தீவு நாடு உளது. ஆங்கிலேயர் அங்குக் குடியேறுவதற்குப் பன்னூறாண்டுகள் முன்பிருந்தே மாவோரி என்னும் மக்கள் தம் தம் குலத் தலைவர்களின் கீழ் அங்கு வாழ்ந்து வந்தனர். 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இறுதியில் ஹாப்ஸன் என்னும் கப்பற்படை அதிகாரி ஆங்கில அரசின் சார்பாக அங்கு வந்திறங்கினார். மாவோரித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்து அந்நாட்டின் ஆட்சியுரிமையைப் பெறுவது அவர்க்கு இட்ட பணி. ஆங்கிலத்தில் மூன்று பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை எழுதப்பட்டது. அதனை மாவோரி மொழியில் பெயர்க்கும் பொறுப்பு, அங்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவந்த ஹென்றி வில்லியம்ஸ் என்னும் பாதிரியாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பிப்ரவரி 4ஆம் நாள் மாலை அவர் கையில் அது வந்தது; மறுநாட் காலை கூட்டத்தில் படிக்கவேண்டும். ஒரே இரவில் அவரும் அவர் மகன் எட்வர்டும் அதனைப் பெயர்த்து முடித்தனர்.

அம்மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் கருதத்தக்கன. ஆங்கிலப் படியின் முதற் பிரிவில், தலைவர்கள் தம் முழு இறைமையையும் இங்கிலாந்து அரசிக்கு விட்டுக்கொடுக்கின்றனர் என்று இருந்தது. மாவோரிப் படியில் அவ்விடத்தில் 'காவனதங்க' என்னும் சொல் அமைந்தது. 'காவன' என்பது 'கவர்னர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மாவோரி உச்சரிப்பு. 'காவனதங்க' என்றால் கவர்னர் செய்யும் வேலை. மாவோரி மக்கள் கவர்னர் என்போரைச் சிட்னி நகரத்துச் செய்தியாலும், விவிலிய மொழிபெயர்ப்பில் வரும் பிலாத்து என்பானாலும் அறிந்திருந்தனர். அரசர்க்கு உரிய முழு ஆணையென்று அச்சொல்லால் அவர்கள் அறிய வழியில்லை. இரண்டாம் பிரிவிலோ, ஆங்கிலத்தில் நிலம், காடு, மீன்பிடி இடம் முதலியவற்றை இடையூறின்றி வைத்துக்கொள்ளும் உரிமை என்று இருந்தது. மாவோரியில் 'தீனோ ரங்கதிரதங்க' என்னும் தொடர் நின்றது. குலத் தலைவன் தன் மக்கள்மேலும் மண்மேலும் செலுத்தும் முழுத் தலைமை என்பது அதன் பொருள். ஆங்கிலப் படியைப் படித்தவர், நாடு நம்முடையது, உடைமை அவர்களுடையது என்று கொண்டார். மாவோரிப் படியைக் கேட்டவர், தலைமை நம்முடையது, வந்து குடியேறியவர்களை அடக்கி ஆளக் கவர்னர் ஒருவர் இருப்பார் என்று கொண்டார்.

இதற்கு ஐந்தாண்டுகள் முன், 1835இல், அத்தலைவர்கள் தம் விடுதலையை அறிவித்து வெளியிட்ட அறிக்கையில், இறைமை என்பதற்கு 'மன' என்னும் தம் சொல்லும் பயன்பட்டிருந்தது. அவ்வறிக்கையை மொழிபெயர்த்தவரும் அதே வில்லியம்ஸ்தாம். 1840இல் அச்சொல்லை ஏன் விடுத்தார் என்பதில் அறிஞர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். தம் 'மன' முழுவதையும் விட்டுக்கொடுக்கின்றீர்களா என்று கேட்டிருந்தால் தலைவர்கள் இசைந்திருப்பார்களா என்னும் வினா மட்டும் எஞ்சி நிற்கின்றது.

பிப்ரவரி 6ஆம் நாள் வைத்தாங்கி என்னும் இடத்தில் கையொப்பம் இடத் தலைவர்கள் கூடினர். ஹோனே ஹெக்கே என்னும் தலைவர் முதலில் அழைக்கப்பட்டார். அந்த வேளையில் கூட்டத்தில் இருந்த வில்லியம் கொலென்ஸோ என்னும் அச்சுத்தொழிலாளர் குறுக்கிட்டார். மாவோரி மொழியில் நூல்களை அச்சிட்டு அம்மொழியில் தேர்ந்தவர் அவர். "இத்தலைவர்கள் இதன் கருத்தை உள்ளபடி உணர்ந்துதான் கையொப்பம் இடுகின்றார்களா?" என்னும் கருத்துப்பட ஹாப்ஸனை வினவினார். தம்மால் ஆனதைச் செய்தாயிற்று, அவர்கள் அறியாவிடின் அது தம் குற்றமன்று என்னும் கருத்துப்பட விடை வந்தது. கையொப்பம் தொடர்ந்தது. தம் முகத்தில் குத்திய பச்சைக் கோலத்தின் ஒரு பகுதியையே கையொப்பமாக வரைந்தவர்களும் உண்டு. சில திங்களுக்குள் நாடெங்கும் 500க்கு மேற்பட்ட தலைவர்கள் கையொப்பம் இட்டனர். அவர்களுள் ஆங்கிலப் படியில் இட்டவர் 39 பேரே.

பின்னர் நடந்ததைச் சுருங்கச் சொல்கின்றேன். முதற் கையொப்பம் இட்ட அதே ஹோனே ஹெக்கே, 1844, 1845ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கொடிமரத்தை நான்கு முறை வெட்டி வீழ்த்தும்படி ஆயிற்று, போர் மூண்டது. 1860க்குப் பின் பெரும்போர்கள் நிகழ்ந்தன. 1863இல் இயற்றிய சட்டத்தின்படி மாவோரி நிலம் பல லட்சம் ஏக்கர் பறிக்கப்பட்டது. 1975இல்தான் அவர்கள் முறையீட்டைக் கேட்க வைத்தாங்கி விசாரணை மன்றம் என ஒன்று ஏற்பட்டது. 1985இல், 1840 முதல் நிகழ்ந்த குறைகளையெல்லாம் ஆராயும் உரிமை அதற்கு அளிக்கப்பட்டது. 1987இல் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 2014இல் அம்மன்றம், வடபகுதித் தலைவர்கள் 1840இல் தம் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று முடிவு கூறியது. கொலென்ஸோ கேட்ட வினாவிற்கு உரிய விடை, 174 ஆண்டுகளுக்குப் பின் வந்தது! அன்று இன்னும் ஒரு நாள் பொறுத்து, "இதனால் நீங்கள் என்ன அறிந்தீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், உண்மை அன்றே அவையில் வெளிப்பட்டிருக்கும். வலியவர்க்கு அது வேண்டாதிருந்தது போலும்! அவ்வாறாயின் அப்பிழை நாவின் பிழையோடு நில்லாமல் நெஞ்சின் பிழையும் ஆகின்றது.

நிற்க. நம் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஒருவர் இருந்தார். கிறிஸ்து மதத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் கருத்தில், "பறங்கிக் குலத்திற் புக விருப்பமா?" என்று மக்களைக் கேட்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. பறங்கி என்பது போர்ச்சுகீசியரைக் குறிக்கும் சொல். கேட்டவர் கருதியது சமயம். கேட்கப்பட்டவர் செவியில் விழுந்ததோ, "உன் குலத்தையும் உற்றாரையும் விட்டு அயல்நாட்டாரில் ஒருவனாகிவிடுகிறாயா?" என்பது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரும், தத்துவபோதகர் என்று பின்னர் வழங்கப்பெற்றவருமாகிய ராபர்ட் தெ நோபிலி அடிகள், அச்சொல்லே இடையில் நிற்கும் மதில் என்பதைக் கண்டுகொண்டார். அவர் தமிழும் வடமொழியும் கற்று, நம் துறவியரைப் போல உடையும் உணவும் மேற்கொண்டு, அதன் பின்னரே பேசத் தொடங்கினார். அவர் சமயக் கொள்கையைப் பற்றியும், அவர் மேற்கொண்ட முறையைப் பற்றியும் பலர் பலவாறு கூறுவர். சொல்லைக் கேட்பவன் செவிக்குள் நின்று அதனை எடைபோட்ட அறிவை மறுப்பார் இலர்.

அடுத்து, ஆசிரியனாகிய எனக்கு மிக விருப்பமான ஒருவரைக் கூறுகின்றேன். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் ஜெர்மனி நாட்டுச் சீகன்பால்கு என்னும் இளைஞர், டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்றுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவர்க்கு அகவை இருபத்து நான்கு நிரம்பும் காலம். தமிழில் ஓர் எழுத்தும் அறியார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவர் மாணவச் சிறுவர்களோடு தாமும் மணலில் விரலால் எழுதி அகரம் முதலாகக் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்கும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார்! தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்துப் பட்டியல் எழுதினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

ஆயினும் அவர் செய்தவற்றுள் இன்றைய பொருளுக்கு உரியது வேறொன்று. அவரும் அவர் தோழர் கிருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை, தமிழர் பலர்க்கு அவர்தம் சமயம், ஒழுக்கம், வாழ்க்கை முறை பற்றிக் கடிதவாயிலாக வினாக்கள் விடுத்தனர். தமிழர் எழுதிய விடைகளுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பெற்று ஹாலே நகரில் அச்சாயின. அக்கடிதங்களில் நம் முன்னோர் முகமன் மட்டும் எழுதவில்லை. ஐரோப்பியரின் மது, மாட்டிறைச்சி முதலிய பழக்கங்களைத் தாம் இழிவாக எண்ணுவதையும் எழுதினர். தம்மவரைக் குறைகூறிய அச்சொற்களையும் அவர்கள் மொழிபெயர்த்துத் தம் நாட்டிற்கு அனுப்பினர். அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்பவே. அதனை அவர் மறைக்கவும் இல்லை. எனினும் பிறரைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளாமல், அவரையே எழுதச் சொல்லிக் கேட்டார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அவர் மேலோர் அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் சென்னையில் அது வெளிவந்தது. 1719இல், முப்பத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார்.

அன்பர்களே! நம் தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்குச் செவியால் கேட்டல் என்பதும், வினாவுதல் என்பதும் ஆகிய இருபொருளும் உண்டு. திருவள்ளுவரும் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆண்டு அது செவிச்செல்வத்தைக் குறித்தது. இற்றைநாள் வழக்கில் 'கேள்வி' என்றால் வினா. வேற்று மொழியாளரோடு பேசுவதற்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். ஹாப்ஸனிடம் இரண்டும் இல்லை. என்னிடமும் அன்று வகுப்பில் இரண்டும் இல்லை.

"இப்பொழுது கைப்பேசியே எல்லா மொழிகளையும் பெயர்த்துச் சொல்லிவிடுகின்றதே, இனி இக்கவலை ஏன்?" என்று இளைஞர் கேட்கலாம். அக்கருவியை யானும் பயன்படுத்துகின்றேன், அது பேருதவி. ஆயினும் அன்று அத்தந்தை பேசியது தமிழ் என்றே யான் எண்ணினேன். தமிழென்று எண்ணியவன் கருவியைக் கையில் எடுப்பானோ? ஐயம் தோன்றினால்தான் கருவி பயன்படும். அந்த ஐயம் நமக்குள்ளே தோன்றுதல் வேண்டும்.

இனி, நம்மவர்க்குச் சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டியவனாக உள்ளேன். ஆலையும் கடையும் நடத்தும் பெரியோர் சிலர், "வடநாட்டு ஆள்களுக்கு மரியாதை தெரியவில்லை, முதலாளியைப் பார்த்து 'நீ வா', 'நீ போ' என்கிறார்கள்" என்று வருந்தி உரைக்கக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் மொழிகளிலும் மரியாதைச் சொற்கள் உள. இந்தியிலும் வங்காளத்திலும் முன்னிலைச் சொல் மூன்று படிகளாக வழங்குகின்றது. நம்மினும் நுட்பமாகவே அவர்கள் உயர்வு தாழ்வு அறிந்து பேசுவர். அங்ஙனமாயின் தமிழில் மட்டும் ஏன் 'நீ வா' என்கின்றனர்? அவர்கள் தமிழைப் புத்தகத்தில் கற்கவில்லை. நாம் அவர்களை நோக்கிப் பேசியதைக் கேட்டுக் கற்றார்கள். "வா, போ, எடு, இங்கே வாடா" என்பதையன்றி வேறு தமிழ் அவர்கள் செவியில் விழவில்லை. நாம் கொடுத்த தமிழே நமக்குத் திரும்பி வருகின்றது. "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீர்களா?" என்று நாம் பேசத் தொடங்கினால், சில திங்களில் அவர்களும் அங்ஙனமே பேசுவர். இதற்கு ஒரு காசும் செலவில்லை. நம் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் எவ்வாறு அழைக்கப்படவேண்டுமென்று நாம் விரும்புகின்றோமோ, அவ்வாறே இங்கு வந்த பிறர் பிள்ளைகளையும் அழைப்பது முறையன்றோ?

முடிவாக, செய்யத்தக்கனவாக எனக்குத் தோன்றும் சிலவற்றைக் கூறி அமர்கின்றேன்.

முதலாவது, வேற்று மொழியாளரிடம் வேலை ஒன்றைச் சொன்னபின் "விளங்கிற்றா?" என்று கேளாதீர்கள். அதற்கு எவரும் "ஆம்" என்றே சொல்வர். "என்ன செய்யப்போகின்றீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லும்போது பிழை தானே வெளிப்படும்.

இரண்டாவது, ஒருவர் சொல்லும் சொல்லும் அவர் முகமும் ஒத்துவராத இடத்தில் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். குறை கூற வந்தவன் சிரித்த முகத்தோடு வரான் என்பதை யான் அன்று எண்ணியிருந்தால், ஒரு சிறுவன் கண்ணீர் விட்டிருக்க மாட்டான்.

மூன்றாவது, அயல்நாடு செல்லும் நம் இளைஞர்க்குச் சொல்லுகின்றேன். "எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்னும் ஒரு தொடரைச் செல்லும் நாட்டின் மொழியில் முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். அதனைச் சொல்வதில் நாணம் வேண்டாம். இரு மொழியில் எழுதிய தாளாயின், உங்களுக்குத் தெரிந்த மொழியில் உள்ளதும் மற்றதும் ஒன்றுதானா என்று, இரண்டும் அறிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

நான்காவது, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். மாலை வேளைகளில் நம் மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றது. கிழமைக்கு இரண்டு மாலை அதனைத் திறந்து வைத்தால், நம் ஊரில் வேலை செய்யும் வெளிமாநிலத்தார்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் தமிழ் கற்பிக்கலாம். யான் ஊதியமின்றிக் கற்பிக்க ஒருப்படுகின்றேன். அவர்களுள் படித்தவர் நம் இளைஞர்க்கு இந்தியோ வங்காளமோ கற்பிக்கட்டும். இச்சங்கம் நம் குலத்தார்க்கென ஏற்பட்டதாயிற்றே என்று தயங்குவோர்க்கு ஒன்று கூறுவேன்: நம் குலத்துப் பிள்ளைகளின் பிழைப்பு இன்று பிற மொழியாளர் கையில் இருக்கின்றது, நம் தொழில்களோ அவர்கள் கைவலிமையால் நடக்கின்றன. அவர்களோடு நன்கு பேசக் கற்பது நம் குலத்திற்குச் செய்யும் பணியே ஆகும்.

யான் கூறியவற்றுள் குற்றம் இருப்பின் பொறுத்து, குணம் இருப்பின் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.